விசாரணைக்கு வந்தவர்

விடிகாலையில் தெருநாய்கள் கடித்துக் கொன்ற ஆட்டுக்கு நஷ்டஈடு கேட்டிருந்தாள் பொன்னழகு. புருஷன் போன பிறகு அவளுக்கு ஆடுதான் பிழைப்பு. விசாரிக்க வரும் அதிகாரி பெருமாள்சாமி போனிலேயே சொல்லிவிட்டார்: "மத்தியானம் வாரேன். கறிச்சோறு ஆக்கி வை."

வந்தவர் இப்போது மூன்றாம் முறையாகக் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தார்.

"நாய் கடிச்சுச்சாம்! ரோட்டுல லாரி அடிச்சதையெல்லாம் நாய் தலையில கட்டுறது. களவாணிக் கூட்டம்."

"இல்லய்யா, என் கண்ணு முன்னாலதான் குதறுச்சு. ஒரு நாய்க்கு வாயெல்லாம் நுரை."

"நுரையாம்ல நுரை! நல்லாத்தான் கதை விடுற." எலும்பை உறிஞ்சிப் போட்டார். "நீ திங்கலையா?"

"எனக்குத் தொண்டையில எறங்காதுய்யா."

"உனக்கெல்லாம் கஞ்சிதான் எறங்கும்." ஏப்பம் விட்டபடி கை கழுவினார். "சரி, செத்த ஆட்டைக் காட்டு. லாரி அடிச்சதுன்னு எழுதிட்டுக் கிளம்புறேன்."

பொன்னழகு காலியான குழம்புச் சட்டியைப் பார்த்தாள்.

"என்ன முழிக்கிற? ஆடு எங்க?"

"நான் வச்சிருந்ததே ஒத்த ஆடுதானய்யா. நீங்கதான கறி கேட்டீக?"

பெருமாள்சாமி முருங்கை மரத்தடிக்கு ஓடித் தின்றதையெல்லாம் கக்கினார்.

"ஏன்யா பதறுறீக? லாரி அடிச்ச ஆடுதான?"

பைக்கை முறுக்கிக்கொண்டு பறந்தவர், ஆஸ்பத்திரியில் ஊசி வரிசையை முட்டித் தள்ளிக்கொண்டு டாக்டர் முன்னால் போய் நின்றார்.

"சத்தியமா வெறிநாய் கடிச்ச ஆடுதான் சார்! நானே நேர்ல விசாரிச்சுட்டேன்!"