டம்மி வண்டி

“நாளைக்குப் பாப்பாளுக்குக் காதுகுத்து. நாக்பூர்ல உக்காந்துக்கிட்டு என்னங்க சிரிப்பு?”

“லோடு எறக்குலைன்னா நான் என்ன பண்றது புள்ள? வர இன்னும் நாலு நாளாகும்” என்று மறுபடியும் சிரித்தபடியே போனை வைத்தான் லாரி டிரைவர் சரவணக்குமார்.

வெண்ணிலாவுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. அவன் வாசம் மறந்துவிடுமோ என்று பயந்து, அழுக்குச் சட்டை ஒன்றைத் துவைக்காமலே வைத்திருக்கிறாள். வெட்கங்கெட்ட ஆசைதான், என்ன செய்ய?

மூக்கை உறிஞ்சிக்கொண்டு லேப்டாப்பைத் திறந்தாள். லாரி எங்கே வருகிறது என்று அதன் முதலாளிக்குக் காட்டும் ஆப் எழுதுகிற சேலம் கம்பெனியில் வேலை. சேந்தமங்கலத்து வீட்டிலிருந்தே பார்க்கிறாள். அடுத்தவர் வண்டியை ஊழியர்கள் எட்டிப்பார்க்கக் கூடாது. அதனால், நிஜ வண்டிக்குப் பதிலாக இடம் சொல்ல ஒரு டம்மியை உள்ளே வைத்துத்தான் ஆப்பைச் சோதிப்பார்கள். சொல்லிக்கொடுத்த பதிலைத் தவிர டம்மிக்கு வேறெதுவும் தெரியாது.

வண்டி நம்பர் கேட்ட இடத்தில், கை தானாக, அதே ஆப்பில் இருக்கும் புருஷன் வண்டி நம்பரைத் தட்டியது. பதிலாகச் ‘சேந்தமங்கலம்’ என்று சொல்லிக்கொடுத்தாள். டம்மியாவது வீடு வந்து சேரட்டும்!

டெஸ்ட்டை ஓட்டினாள். தப்பு என்று திரையில் சிவப்பு எழுத்து. வந்த பதில்: புதன்சந்தை.

சேலத்திலிருந்த சீனியர் ஜெயபிரகாஷுக்குப் போன் போட்டாள்.

“அண்ணா, டம்மி கூட எம்பேச்சக் கேக்க மாட்டேங்குதுங்க. ஊட்டுக்கு வரச் சொன்னா, பக்கத்துல புதன்சந்தையில போய் நிக்குது.”

அவள் எழுதியதை அவன் அங்கிருந்தே திறந்து பார்த்தான்.

“டம்மிய உள்ள வெச்சியாம்மா?”

“வெச்சனுங்களே!”

“எங்க வெச்ச? செஞ்சு வெளியவே உட்டுட்ட. அந்த எடம் பிரைவேட்டு, பூட்டுன ரூம்பு மாதிரிம்மா. டம்மி தானா உள்ள போவாது, நாமதான் கொண்டுபோய்ச் சொருகோணும்.”

வெண்ணிலா திரையை உற்றுப் பார்த்தாள். “அப்பப் புதன்சந்தைன்னு சொன்னது யாருங்கண்ணா?”

ஜெயபிரகாஷ் டெஸ்ட்டை இன்னொரு தரம் ஓட்டிப் பார்த்தான்.

“நெசமான வண்டிம்மா. இந்தா, இப்பச் சேந்தமங்கலம் ரோட்டுல திரும்பிருச்சு.”