மிஞ்சிய நாற்று

தில்லைநாயகி நாள்தோறும் விடியலில் வயல்மண்ணைக் கிள்ளி நாவில் வைத்து உப்புப் பார்ப்பவள். கடல் புகுந்த அம்மண்ணில் ஒரு நிறுவனம் உரிமம் தந்து விற்கும் வேர்ப்பூஞ்சையின்றி நெல் பிழைக்காது. உரிமம் பெறாதவர் வயலில் அப்பூஞ்சை காணப்படின் நஞ்சடித்துப் பயிரை அழிப்பர். உரிமமற்ற அவள் வயலோ பசுமையாய் நின்றது.

"வேர்ல பூஞ்சை இருக்கு. நாத்து குடுத்தது யாரு? பேரைச் சொன்னா உங்க பயிரை விட்டுடறோம். குடுத்தவங்க உரிமம்தான் போகும்," என்றார் நிறுவனத்தின் ஆய்வாளர்.

கொடுத்தவள், ஆறாண்டுகளாய் அவளோடு பேசாத பக்கத்து வயல்காரி செண்பகம். பகையாளிக்கும் மிஞ்சிய நாற்றை வரப்பில் வைத்துச் செல்வது அவ்வூர் வழக்கம்.

"இவளுக்கு நாத்து குடுக்க எனக்கென்ன பைத்தியமா?" என்றாள் தன் வரப்பில் நின்றிருந்த செண்பகம்.

"அவ எனக்குப் பச்சத்தண்ணிகூட தரமாட்டா, சார். நீங்க மருந்த அடிங்க," என்றாள் தில்லைநாயகி.