பொட்டு வைத்த விளக்கு

எதிர்வீட்டு மாசிலாமணியின் தானே ஓடும் காரில் என்ஜின் கோளாறு விளக்கு எரிய ஆரம்பித்து ஒரு மாதமாகிறது. மனிதர் என்ன செய்தார்? மனைவி பூங்கோதையின் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை எடுத்து அதன்மேல் ஒட்டிவிட்டார்.

இன்று பூங்கோதைக்குப் பிரசவ வலி. துணைக்கு என்று நானும் ஏறிக்கொண்டேன். ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னால், "முதலில் பழுது பார்க்க வேண்டும்" என்று சர்வீஸ் சென்டர் பக்கம் திரும்பியது கார். கதவும் திறக்கவில்லை.

"ஐயோ, எங்கங்க போகுது?"

"குறுக்கு வழிம்மா!"

"பொட்டு ஒட்டின வழியாக்கும்," என்றேன் நான்.

மெக்கானிக் பானெட்டை மூடும்போது பின்சீட்டில் குழந்தை வீறிட்டது.

"பழுது சரியானது. ஆஸ்பத்திரிக்குப் போகலாமா?" என்று கேட்டது கார்.

"பாத்தியா, எவ்வளவு பொறுப்பு!" என்று ஆரம்பித்தார் மாசிலாமணி. பூங்கோதை தன் நெற்றிப் பொட்டை உரித்து அவர் வாயில் ஒட்டினாள்.