சொறி டாக்டர்

"ஒரே ஆளுக்கு எட்டு மாசத்துல ஒன்பது தடவை சொறியா, டாக்டர்?"

மருத்துவப் பதிவேட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார் வக்கீலம்மா. நாட்டில் சண்டை தொடங்கி மூன்று வருஷம். தடுப்பு முகாமில் பிடித்து வைத்திருப்பவர்களை அடித்து நொறுக்குகிறார்கள் என்று புகார் போக, நேரில் விசாரிக்க மேலிடத்திலிருந்து அவரை அனுப்பியிருந்தார்கள்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"ஈரக்காத்து மேடம். லேசுல போகாது."

"முப்பது பேர்ல இருபத்தாறு பேருக்குச் சொறி. ஆனா ஒரு டியூப் மருந்துகூடச் செலவாகலை. ஊதியே ஆத்திடுவீங்களோ?"

"காத்தோட்டமா இருந்தா தானா ஆறிடும்னு..."

"எங்க படிச்சீங்க?"

சொன்னார். நல்ல கல்லூரி. வக்கீலம்மாவுக்கு எரிச்சல் இன்னும் கூடியது.

வாசலில் நின்ற காவலர்கள் சிரிப்பை மென்று விழுங்கினார்கள். முகாமில் அவருக்கு 'சொறி டாக்டர்' என்றே பேர்.

வக்கீலம்மா குறிப்பேட்டில் எழுதினார்: 'பணியில் அலட்சியம். டாக்டரை நீக்கப் பரிந்துரைக்கிறேன்.'

அந்த ஒன்பது தடவைக்காரர் தனி அறையில் இருந்தார். பஸ் டிரைவர். கூட வந்த காவலர் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு இருபதடி தள்ளியே நின்றுவிட்டார்.

"அடிச்சாங்களா?"

டிரைவர் வலது கையை நீட்டினார். மூன்று விரல்களில் நகம் இல்லை.

"வந்த முதல் வாரம்மா. விசாரணை அறையில."

யார், எந்த நாள், எத்தனை பேர் என்று ஒன்று விடாமல் எழுதிக்கொண்டார் வக்கீலம்மா.

"அப்புறம்?"

"அப்புறம் இல்லைம்மா."

"ஏன் விட்டுட்டாங்க?"

டிரைவர் வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அந்த அறைக்கு யாரைக் கூப்பிடறதுன்னு காலையில லிஸ்ட் வரும். லிஸ்ட்ல பேர் இருக்கிறவனுக்கெல்லாம் டாக்டர் சொறின்னு எழுதிடுவார். ஒட்டிக்கும்னு பயந்து எவனும் கிட்ட வரமாட்டான்."

"அப்ப உங்களுக்கு?"

"ஒரு கொசுக்கடிகூட இல்லைம்மா."

வக்கீலம்மா குறிப்பேட்டை மூடினார். வாக்குமூலம் பையில் பத்திரமாக இருந்தது. ஆனால் மேலிடம் அதைப் படித்து அசைந்து கொடுக்க ஆறு மாசமாவது ஆகும். நாளைக் காலையும் லிஸ்ட் வருமே?

டாக்டரைப் பற்றி எழுதிய தாளைக் கிழித்துப் பைக்குள் திணித்தார். புதுத் தாளில் நாலு வரி எழுதினார்.

கிளம்பும்போது முகாம் அதிகாரி கார் வரைக்கும் வந்தார்.

"அந்த டாக்டர் சுத்த உதவாக்கரை மேடம். நீங்க எழுத்துல கொடுத்தா இன்னைக்கே வேற ஆளைப் போட்டுடறேன்."

"எழுத்துலயே கொடுத்துடறேன்" என்று தாளை நீட்டினார் வக்கீலம்மா, முழங்கையைப் பரபரவென்று சொறிந்துகொண்டே.

அதிகாரி ரெண்டே விரலால் அதை வாங்கிப் படித்தார்.

'முகாமில் தொற்று கடுமையாக உள்ளது. நோயாளிகளை நன்கு அறிந்த தற்போதைய டாக்டரே தொடர வேண்டும். நோய் பரவும் இடம் விசாரணை அறை எனத் தெரிகிறது. இன்றே அதைப் பூட்டி சீல் வைக்கவும்.'