தண்ணி விசயம்

“இன்னைக்காவது தண்ணி விசயம் தெரிஞ்சிருமாங்க?” என்று கேட்டபடியே ராக்கம்மா கணவர் ராஜலிங்கத்தின் இடுப்பில் கறுப்புக் கயிற்றைக் கட்டினாள்.

“தெரிஞ்சிரும் புள்ள. அது கெடக்கட்டும், வெள்ளி அரைஞாண ஏன் கழட்டிட்ட?”

“கறுத்துப் போச்சு. வெளக்கணும்.”

ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் குழாய் வறண்டு வெகுநாளாகிறது. அதற்காகத்தான் ராஜலிங்கம் அடிக்கடி கண்டிக்குப் போய்வருவதாக எல்லோரும் நம்பினார்கள். குடத்தோடு நின்ற பெண்கள் அவருக்கு வழிவிட்டார்கள்.

“நமக்காக அலையுறாரு மகராசன்” என்றாள் ஒருத்தி. அவர் தலையைக் குனிந்துகொண்டு நடந்தார்.

பொய் சொல்வது பாவம் என்று நினைப்பவர் அவர். ஆகவே ஒவ்வொரு தடவையும் முதலில் தண்ணி ஆபீசுக்குப் போய், “பாக்குறோம்” என்ற பதிலை வாங்கிக்கொண்டு, அதன் பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போவார். அவருடைய கழுத்தில், தைரொயிட்டில் ஒரு கட்டி இருந்தது. ஊசி குத்திப் பார்த்தும் அது நல்லதா கெட்டதா என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

ராக்கம்மாவின் தம்பி கழுத்துக் கட்டியால் செத்துப்போனவன். ‘கட்டி’ என்ற சொல் காதில் விழுந்தாலே அவளுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. அவளிடம் எப்படிச் சொல்வது?

ஆஸ்பத்திரியில் பெயர் பதிந்தபோது போன் நம்பர் கேட்டார்கள். அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்தது ஒரே ஒரு நம்பர்தான். அதைச் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

ஸ்கேன் அறை வாசலில் படம் எடுக்கும் நஸீம் அவரை வரவேற்றான். “வாங்க ஐயா. நேத்து எங்கட ஷிபானா போன்ல எல்லாம் விளங்கப்படுத்தினாதானே?”

அப்படி ஒரு அழைப்பு வந்ததாக ராஜலிங்கத்துக்கு ஞாபகமில்லை. இல்லையென்று சொன்னால் யாரோ ஒரு பிள்ளைக்கு ஏச்சு விழும்.

“ஆமாங்க தம்பி, அருமையா சொல்லிக் குடுத்தாங்க” என்றார். இந்தப் பொய்யைக் கடவுள் பொறுத்துக்கொள்வார் என்று பட்டது.

“இது காந்த மெஷின். ஒடம்புல வெள்ளி, இரும்பு ஒண்டும் ஈக்கப்படாது.”

ராஜலிங்கம் சட்டையைத் தூக்கிக் கறுப்புக் கயிற்றைக் காட்டினார்.

“ஆ, செல்லினபடியே வந்து ஈக்கிறீங்க!” என்றான் நஸீம். ராக்கம்மாவுக்கு இன்றைக்குப் பார்த்து வெள்ளி விளக்கத் தோன்றியது முருகன் செயல் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

“கட்டிக்குள்ள தண்ணி எப்பிடி ஓடுதுண்டு பாக்கிற படம் ஐயா இது. நல்ல கட்டிண்டா தண்ணி தாராளமா ஓடும். கெட்டதுண்டா ஓட எடமில்லாம அடைபட்டு நிக்கும்.”

“இங்கயும் தண்ணிப் பிரச்சினைதானா?”

நஸீம் சிரித்துவிட்டான். “சத்தம் கேக்கக்குள்ள மட்டும் எச்சில் முழுங்க வாணாம்.”

மெஷினுக்குள் தகரக் கூரையில் கல்மழை பெய்வதுபோல் இருந்தது. தான் போய்விட்டால் ராக்கம்மாவுக்குத் தண்ணி பிடிக்கும் பீலியடியில் குடம் தூக்கிவிட யார் இருக்கிறார்கள் என்று நினைத்தபோது தொண்டை அடைத்தது. ஆனாலும் அவர் முழுங்கவில்லை.

டாக்டர் கிருஷாந்தி யாழ்ப்பாணத்துக்காரர். திரையில் படத்தை நெடுநேரம் பார்த்தார்.

“ஐயா, தண்ணி நல்லா ஓடுது. நல்ல கட்டியாத்தான் தெரியுது. ஆனா ஆறு மாசத்துக்கு ஒருக்கா வந்து காட்டவேணும், என்ன?”

“நெசமாவே ஓடுதுங்களா?”

“ஓம் ஐயா, ஓடுது.”

வெளியே வந்ததும் போனை எடுத்தார். அதில் சார்ஜ் இல்லை. நஸீம் கேட்காமலே தன் போனை நீட்டினான். மனப்பாடமாகத் தெரிந்த அந்த ஒரே நம்பரை ராஜலிங்கம் அழுத்தினார்.

“யாருங்க?” என்றாள் ராக்கம்மா.

இனியும் பொய் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. உண்மையைச் சொல்லவும் தைரியமில்லை. இரண்டுக்கும் பொதுவாக ஒன்று இருந்தது.

“நாந்தான் புள்ள. தண்ணி ஓடுது! நல்லா ஓடுதாம்!”

மறுபக்கத்தில் காலிக் குடங்கள் ஒன்றோடொன்று உரசும் சத்தம் கேட்டது. பிறகு ராக்கம்மாவின் குரல் மெதுவாக வந்தது.

“கட்டிக்குள்ளதானேங்க?”