தேர்ந்தெடுத்த நாற்பது பேர்

“என் முதல் புத்தகத்தை எழுதின வருஷம், பாதி நாள் பட்டினி!” என்று எழுத்தாளர் சொல்லி வாய் மூடவில்லை, முதல் வரிசைச் சிறுமி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ‘எழுத்துன்னா சும்மாவா!’ என்று மனசுக்குள் தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டார்.

பதினோரு வருஷத்தில் ஒரு பள்ளிக்கூடம் அவரை அழைப்பது இதுதான் முதல் தடவை. அழைத்தவர் கணக்கு டீச்சர்.

“உங்களையா? வேற ஆளே கிடைக்கலையாமா?” என்று காலையில் மனைவி வாரியிருந்தாள். “ஒரே ஒரு பிள்ளை என்னை மாதிரி ஆகணும்னு நினைச்சாப் போதும்டி, என் ஜென்மம் கடைத்தேறிடும்” என்று முறைத்துவிட்டுக் கிளம்பியவர் அவர்.

ஜன்னலுக்கு வெளியே மைதானத்தில் மற்ற பிள்ளைகள் பந்தை உதைத்துக் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“அதுங்கள்லாம் வரலையா?” என்றார், மூக்கைச் சுளித்து.

“அவங்களுக்கு இது தேவையில்லை சார். இந்த நாப்பது பேரையும் நானே பொறுக்கி எடுத்தேன்” என்றார் டீச்சர்.

கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று எண்ணி, அந்த மைதானத்துக்கே முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

“ம், கேள்வி கேளுங்க” என்று டீச்சர் பிள்ளைகளை உசுப்பினார்.

கடைசி வரிசையில் ஒரு பையன் எழுந்தான். “சார், நீங்க எதுல வந்தீங்க?”

கேள்வியைப் பார் என்று தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது எழுத்தாளருக்கு. “ரெண்டு பஸ் மாறி வந்தேன். எழுத்தாளனுக்கு எதுக்குடா கார்?”

டீச்சர் பலமாகத் தலையாட்டினார்.

“உங்க புத்தகத்தை நிறையப் பேர் படிப்பாங்களா சார்?”

“நல்ல எழுத்துக்கு நாலு பேர் போதும். ஆட்டுமந்தைக்கு எழுதுறவன் இல்லை நான்!”

“கணக்குல எவ்வளவு மார்க் வாங்குவீங்க சார்?” என்றாள் முதல் வரிசைச் சிறுமி, மெல்ல.

எழுத்தாளர் நெஞ்சை நிமிர்த்தினார். “ஒன்பது! வாத்தியார் அங்க கத்திட்டிருப்பார், நான் கடைசி பெஞ்சுல கவிதை எழுதிட்டிருப்பேன். கூட்டிக் கழிக்கிறதெல்லாம் கற்பனை இல்லாதவன் வேலைம்மா!”

கணக்கு டீச்சரை வைத்துக்கொண்டே சொல்கிறோமே என்ற கூச்சம் கொஞ்சமும் இல்லை அவருக்கு. டீச்சரும் கோபப்படவில்லை. கரும்பலகையில் 9/100 என்று கொட்டை எழுத்தில் எழுதி, அடியில் இரண்டு கோடு இழுத்தார்.

“ரொம்பப் பிரயோஜனமா இருந்தது சார். வருஷா வருஷம் நீங்க வரணும்” என்று வாசல்வரை வந்து கைகூப்பினார் டீச்சர்.

எழுத்தாளருக்குக் கால் தரையில் பாவவில்லை. பாதி வராந்தா தாண்டியிருப்பார், பின்னாலிருந்து யாரோ சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். அந்த முதல் வரிசைச் சிறுமி! தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தாள்.

அந்த ஒரே ஒரு பிள்ளை இதுதான், சந்தேகமே இல்லை. மனைவியிடம் போய் எப்படிச் சொல்வது என்றுகூட யோசித்துவிட்டார். கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்துகொண்டு குனிந்தார்.

“அழாதம்மா. சொல்லு, நீ என்ன ஆகணும்?”

“இனிமே கணக்குல பாஸாயிடுறேன் சார்! உங்களை மாதிரி மட்டும் ஆகவே மாட்டேன்!”