சத்தம் காணாது

"வயரக் கழட்டிப் போட்டுராத முஸ்தாக். மூணு நாள் குந்தியிருந்து நானே ஈயம் வெச்சு ஒட்டினது. சத்தத்த மட்டும் கூட்டித் தா."

கல்முனையில் ரேடியோ திருத்தும் முஸ்தாக்கின் கடை வாசலில் காரை நிறுத்தியதுமே ஜவுபர் கத்தினார். ஓட்டும்போது போனைக் காதில் வைத்திருந்ததற்காகப் பொலிஸ் தண்டம் எழுதிய பிறகு, பழைய போன் கனெக்டர் ஒன்றை வெட்டி, வீடியோ பார்த்து வயர்களைப் பிரித்து, காரிலிருந்த அம்பிளிபயரில் கொடுத்திருந்தார். இப்போது போனைத் தொடாமலே கதைக்கலாம். ஆனால் மறுபக்கக் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது.

"கடையில ஒண்டு வாங்கிப் போட்டிருக்கலாமே காக்கா?"

"ஏன், எனக்குக் கை இல்லையா? கைக்கு ஒரு குறையுமில்ல. ஊட்டுக்காரிட வாய்தான் பிரச்சினை."

முஸ்தாக் வேலையை விட்டு நிமிர்ந்தான்.

"மகள் ஸம்றாட கலியாணம் குழம்பிட்டு. மாப்பிள்ளை எந்த நேரமும் தொப்பியோடதான். உள்ளுக்கு மொட்டையாம். அத ஊட்டுக்காரி நஸீறா போன்ல என்னட்டச் சொன்னா. நான் கண்ணாடிய ஏத்திக்கிட்டு, காருக்குள்ள தனியாத்தான் இருந்தன். பின்னேரமே அவங்கட ஆள் வந்து, 'ஊருக்கே சொல்லி எங்கட மானத்த வாங்கிட்டீங்க, இந்தச் சம்பந்தம் வேணாம்' எண்டுட்டான்!"

"ஆரு சொன்னதாம்?"

"ஆரக் கேட்டாலும் சிரிக்கிறானுகள். 'உங்கட பொண்டாட்டிட வாயாலதான் கேட்டம்' எண்டு மீன்காரன் கூடச் சொல்றான். இவள் என்னடாண்டா அல்லாஹ் மேல சத்தியம் பண்றாள், என்னட்ட மட்டும்தான் சொன்னாளாம். பொய்ச் சத்தியம்! அங்க புள்ள சோறு தின்னாமக் கிடக்கு. இரு, இப்பவே கேக்கிறன்."

ஜவுபர் காருக்குள் ஏறிக் கதவை அடித்துச் சாத்தினார். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு வீட்டுக்கு அழைத்தார்.

"உண்மையச் சொல்லு நஸீறா. ஆருக்குச் சொன்னாய்?"

"எத்தனை தரம் சொல்ற?" நஸீறாவின் குரல் தேய்ந்து வந்தது. "ஒங்களத் தவிர ஒரு குருவிக்கும் சொல்லல்ல. அந்த மொட்டத்தலையன்ட கதைய ஊருக்குச் சொல்ல எனக்கென்ன பைத்தியமா?"

"நீ சொல்லாம மீன்காரனுக்கு எப்பிடித் தெரியும்? வாயா அது? கதவில்லாத ஊடு!"

வெளியே இரண்டு சைக்கிள்கள் நின்றன. தேத்தண்ணிக் கடையிலிருந்தவர்கள் எழும்பி வாசலுக்கு வந்தார்கள். முஸ்தாக் ஓடி வந்து இரண்டு கையாலும் கண்ணாடியில் தட்டினான்.

ஜவுபர் எரிச்சலோடு கண்ணாடியை இறக்கினார்.

"கட் பண்ணுங்க காக்கா! நீங்க வயரக் குடுத்திரிக்கிறது உள் ஸ்பீக்கருக்கு இல்ல!" என்று முஸ்தாக் காரின் கூரையைக் காட்டினான்.

பதினைந்து வருடமாக ஜவுபர் தெருத்தெருவாக இறந்தவர்களின் மௌத்துச் செய்தி அறிவித்துத் திரிந்த, கூரை மேலிருந்த நான்கு ஒலிபெருக்கிகளிலும், தான் யாருக்குமே சொல்லவில்லை என்று நஸீறா அழுதுகொண்டிருந்தாள்.